எடை போடுவதற்கு முன்

தொலைபேசி நிலையத்தின் சுவிட்ச் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். ரிலேயின் தொடுமுனைகளில் தூசி படிந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. பாயாவிட்டால் ஊரில் யாரோ ஒருவருடைய பேச்சு பாதியில் அறுந்துபோகும். ரிலேக்கள் போய் மின்னணு அட்டைகள் வந்த பிறகும் பல ஊர்களில் அந்த வழக்கம் நீடித்தது. மேலதிகாரி வந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். பயன் முடிந்த நிலையத்தைக் காலி செய்ய வருகிறவர்களால் அப்படிச் செய்ய முடியாது. வெட்டிய கம்பித் துண்டுகளும் தகர முனைகளும் தரையெங்கும் கிடக்கும்போது கனத்த காலணி இல்லாமல் நடப்பது ஆபத்து. அவர்கள் மேல் குறையில்லை. ஆனால் அந்த அறையைப் பல்லாண்டு துடைத்து வைத்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால், அவர் பார்வை தரையை விட்டு எழுவதில்லை.

இந்தியா முழுவதும் பழைய தொலைபேசி நிலையங்களைக் காலி செய்யும் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. நாடு விடுதலை பெற்றபோது இங்கே இருந்த தொலைபேசிகள் சுமார் 80 ஆயிரம். 2006 வாக்கில் கம்பிவழி இணைப்புகள் ஏறக்குறைய 5 கோடியை எட்டின. அதன்பின் இறங்குமுகம்தான். கைபேசி பரவியது, பிறகு கண்ணாடி இழை வந்தது. செம்புக் கம்பியில் மிஞ்சியிருக்கும் இணைப்புகளும் இழைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு கூடம் நிறைய நின்ற கருவிகளின் வேலையை இன்று ஆள் உயரப் பெட்டி ஒன்று செய்துவிடுகிறது. 2019இல் மத்திய அரசு அறிவித்த சீரமைப்புத் திட்டத்தின்படி பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு பெற்று, 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். நிலத்தையும் கட்டடத்தையும் பணமாக்குவதும் அதே திட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே உள்ளே இருப்பவை எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் இணைய ஏலத்தில் பட்டியலாகின்றன: பழைய பேட்டரி, செம்புக் கேபிள், இரும்புச் சட்டம், மின்னணுக் கழிவு. ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்து இறங்குகிறார்.

விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. செம்பு உருகி மறுபடி செம்பாவது நல்லது. ஈயம் மண்ணில் கசியாமல் உரிமம் பெற்ற உருக்காலைக்குப் போய்ச் சேர்வது அதைவிட நல்லது. என் ஆதங்கம் வேறு. இந்தக் கட்டடங்களுக்குள் ஓர் ஊர் தன்னைத்தானே பதிவு செய்து வைத்திருக்கிறது. கம்பியாலும் அட்டையாலும் பேரேட்டாலும் ஆன பதிவு அது. அதை யாரும் வாசிக்காமலே வெட்டுகிறார்கள். எடை போடுவதற்கு முன் ஒருமுறை வாசித்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வாசிப்பு எம்.டி.எஃப். (மெயின் டிஸ்ட்ரிபியூஷன் ஃபிரேம்) என்று எல்லாரும் அழைக்கும் இடத்தில் தொடங்க வேண்டும். நிலையத்தைச் சுற்றிக்காட்டச் சொன்னால் புதியவர்கள் சுவிட்ச் அறைக்குத்தான் அழைத்துப் போவார்கள். பழைய லைன்மேன்கள் இங்கேதான் கூட்டி வருவார்கள். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும் இரும்புச் சட்டம். மேல்தட்டை எட்டுவதற்கு ஏணி. ஒரு பக்கம் செங்குத்து வரிசைகள். ஊரிலிருந்து வரும் கேபிள்கள் ஒவ்வொரு ஜோடியாகப் பிரிந்து இங்கே முடிகின்றன. மறுபக்கம் படுக்கை வரிசைகள். சுவிட்சின் எண்கள் இங்கே தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே ஜம்பர் எனப்படும் மெல்லிய முறுக்குக் கம்பி. வீடு என்பது கேபிளில் ஓரிடம், எண் என்பது சுவிட்சில் ஓரிடம். இந்த வீட்டுக்கு இந்த எண் என்று ஆவது அந்த ஒரு ஜம்பரால் மட்டுமே. சந்தாதாரர் அதே ஊரில் வேறு தெருவுக்குக் குடிபோனால், எண் மாறாமலிருக்க ஜம்பரை மட்டும் புதிதாக இழுப்பார்கள். பூமிக்கடியில் ஒரு ஜோடி கெட்டுப்போனால் பக்கத்தில் சும்மா இருக்கும் ஜோடிக்கு மாற்றி இழுப்பார்கள்.

பழையதை உருவி எடுப்பது எளிதில்லை. இழுக்கும் வேகத்தில் பக்கத்துக் கம்பி அறுந்தால் வேறொரு வீடு செத்துப்போகும். அதனால் பயன் முடிந்த ஜம்பர்கள் அடியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றின்மேல் புதியவை படிகின்றன. உறையின் பொருளும் நிறமும் காலத்துக்குக் காலம் வேறு. சட்டத்தின் ஒரு பகுதியில் பழைய மாதிரி முனைக்கட்டைகள், இன்னொரு பகுதியில் பிற்காலத்து குரோன் மாட்யூல்கள். தெரிந்தவர் கண்ணுக்கு இது தேதியிட்ட ஏடு. கடைத்தெருவின் செங்குத்து வரிசையில் ஜம்பர்கள் விரல் நுழையாத அடர்த்தியில் கிடக்கும். எந்த நகர், எந்தக் காலனி எப்போது எழுந்தது என்பதைக் கட்டைகளின் மாதிரியை வைத்தே சொல்லிவிடலாம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருக்களுக்கு முதல் கம்பி எப்போது போயிற்று என்பதை ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் குறித்து வைப்பதில்லை. இந்தச் சட்டத்தில் அது இருக்கிறது. அத்தெருவுக்கென்று வரிசையே இல்லாத ஆண்டுகளும் அதில் தெரியும்.

ஒரு சிறு நகரத்து நிலையத்தில் ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரும், கம்பி வெட்ட வந்த இளைஞர் ஒருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

“தம்பி, அதைக் கொஞ்சம் நிதானமா வெட்டுப்பா.”

“எல்லாம் டெட் லைன்தானே சார்? இனிமே என்ன?”

“டெட்டுன்னு எனக்கும் தெரியும்பா. எப்படி இழுத்திருக்காங்கன்னு ஒரு தடவ பாத்துட்டு வெட்டு.”

இளைஞர் நிறுத்திவிட்டுப் பார்த்தார். வளையம் வளையமாக நுழைந்து, திரும்பும் இடத்திலெல்லாம் சிறிது தளர்வு விட்டு, எந்த முனையிலும் இறுக்கம் இல்லாமல் கிடந்தது அந்தக் கம்பி. நாளைக்கு வேறொருவர் வந்து இதை மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தவர் இழுத்த கம்பி. மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

எம்.டி.எஃப். எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் ஒருமுறை நேராகப் பார்த்தது. 1975 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கின் மான்ஹாட்டனில் இரண்டாவது அவென்யூவில் இருந்த தொலைபேசிக் கட்டடம் தீப்பிடித்தது. கீழே கேபிள் அறையில் பற்றிய நெருப்பு மேலேறி எம்.டி.எஃப்.ஐத் தின்றது. சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் இரவும் பகலும் வேலை செய்து, மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் சேவையை மீட்டார்கள். சுவிட்ச் கருவிகளைக் கழுவித் துடைத்து மறுபடி இயக்க முடிந்தது. எரிந்துபோன சட்டத்தை அப்படி மீட்க முடியாது. புதிதாகக் கொண்டுவந்து நிறுத்தி, எந்தக் கம்பி எந்த எண்ணுக்கு என்று முதலிலிருந்து இணைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையின் பெரும்பகுதி, யார் யாரோடு சேர்ந்தவர் என்பதை மறுபடி எழுதும் வேலைதான்.

சுவிட்ச் அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் சவ அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி சுவிட்ச், உலகம் சுற்றி நம் ஊர்களுக்கும் வந்தது. டயலைச் சுழற்றினால் நொடிக்குப் பத்துத் துடிப்புகள் வரும். அந்தத் துடிப்புக்கு ஏற்ப ஓர் உலோகக் கை பத்துப் படிகள் வரை ஏறி, பத்து இடங்கள் வரை சுழன்று, நூறில் ஒன்றைத் தொடும். காலை பத்து மணிக்குக் கூடம் முழுக்க எழும் படபடப்பை வைத்தே ஊரில் கடை திறந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம். அதற்கு அடுத்த தலைமுறையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், அது நம்மைப் பற்றியது என்பதால். 1960களில் பெல்ஜியத்திலிருந்து பென்டகான்டா என்ற கிராஸ்பார் சுவிட்ச் முறையை இந்தியா வாங்கியது. ஐரோப்பாவில் நன்றாக ஓடிய கருவி இங்கே திணறியது. காரணங்களில் முக்கியமானது, இங்கே ஒரு தொலைபேசியில் அங்கே இருப்பதைவிட மிக அதிகமான பேச்சு நடந்தது என்பது. தொலைபேசி அரிதாக இருந்த நாட்டில் ஒரு வீட்டின் கருவி தெருவுக்கே பொதுவாக இருந்தது. “பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடுங்க” என்று ஒலித்த வீடுகள் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு சந்தாதாரர் என்று கணக்கில் இருந்த இடத்தில் முப்பது பேர் பேசினார்கள். நமது பழக்கத்தைத் தாங்கும்படி அந்தக் கருவியைப் பிறகு நம் பொறியாளர்கள் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

1984இல் தொலைத்தொடர்பு ஆய்வுக்கான அரசு நிறுவனமான சி-டாட் தொடங்கப்பட்டபோது, முதலிலேயே நம் ஊரை நினைத்து வடிவமைத்தார்கள். குளிர்சாதனம் இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. 128 முனைகள் கொண்ட அந்தச் சிறு கிராம நிலையம் 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக இயங்கியது. பின்னர் நாடெங்கும் பல்லாயிரம் ஊர்களின் ஓட்டுக் கட்டடங்களிலும் வாடகை அறைகளிலும் அது நின்றது. இப்போது அந்தப் பெட்டிகளும் மின்னணுக் கழிவு என்ற ஒரே தலைப்பின் கீழ் கிலோக் கணக்கில் போகின்றன. நம் சூழலுக்கென்று நாமே யோசித்துச் செய்த கருவிகள் இந்த நாட்டில் அப்படியொன்றும் ஏராளமாக இல்லை. மாவட்டத்துக்கு ஒன்றையாவது பாலிடெக்னிக் கல்லூரிகளில் திறந்து வைத்தால், மாணவர்கள் உள்ளே பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஏலக்காரர் முதலில் கேட்பது பேட்டரி அறையைத்தான். ஈயத்துக்கு நல்ல விலை. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட் தரும் 24 செல்கள் தொடராக இணைந்து 48 வோல்ட். ஸ்பானர் ஒன்று தவறி இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நொடியில் உருகிவிடும் அளவுக்கு மின்னோட்டம் உள்ளே இருக்கிறது. அதனால் இணைப்பைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. அந்த அறையில் வேலை பார்த்தவர் ஒருவர் கூட நிற்காமல் அதைத் தொடவே கூடாது.

இந்த 48 வோல்ட்டைப் பற்றி யோசிக்க யோசிக்க என் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. ஊரிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் மின்சாரம் இங்கிருந்துதான் போயிற்று. வீட்டுக்காரர் எதையும் செருக வேண்டாம், எதையும் சார்ஜ் செய்ய வேண்டாம். ரிசீவரை எடுத்தால் சுற்று மூடி, சில மில்லி ஆம்பியர் ஓடும். அந்த ஓட்டத்தை உணர்ந்து நிலையம் டயல் டோனைத் தரும். இந்தியாவில் மணி ஒலிக்கும் தாளமும், 0.4 நொடி ஒலி, 0.2 நொடி இடைவெளி, மறுபடி 0.4 நொடி ஒலி, பிறகு இரண்டு நொடி மௌனம் என்று இங்கிருந்தே புறப்பட்டது. வீடு இருட்டில் கிடந்தாலும் தொலைபேசி பேசியது இதனால்தான். பேட்டரியின் நேர்முனையைப் பூமியோடு இணைத்து, எதிர்முனையைக் கம்பிக்குக் கொடுத்திருப்பார்கள். ஈர மண்ணில் புதைந்த செம்பு மின்வேதி அரிப்பில் கரையாமல் பல பத்தாண்டு நிற்க வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

இன்று அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. கைபேசியை நாம்தான் சார்ஜ் செய்ய வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது; ஆகவே வீட்டு மூலையில் இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் இணைப்பும் நின்றுவிடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது மின்சாரமும் டீசலும் தீர்ந்து எத்தனையோ கைபேசிக் கோபுரங்கள் அணைந்ததை அந்த நகரம் மறந்திருக்காது. செம்புக் கம்பியும் வெள்ளத்துக்குத் தப்பாது, தண்ணீர் புகுந்த நிலையங்களும் நின்றுபோகும் என்பது உண்மைதான். ஆனால் சாதாரண மின்வெட்டில், புயலுக்கு அடுத்த இருட்டில், அது பேசியது. ஒரு முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் அதன் பொருள் என்ன என்பதைப் புதிய கருவி பொருத்த வருகிறவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

பேட்டரி அறையின் சுவரில் அல்லது மேசையில் ஒரு குறிப்பேடு இருக்கும். அமிலம் ஊற்றிய பழைய வகை செல்கள் இருந்த காலத்தில், பைலட் செல் என்று சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றின் மின்னழுத்தம், அமிலத்தின் ஒப்படர்த்தி, வெப்பநிலை ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுவார்கள். தீபாவளியன்றும் எழுதியிருப்பார்கள். ஆண்டுக் கணக்கில் ஒரே மாதிரி எண்கள், கீழே கையொப்பங்கள். எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இவ்வளவு நீண்ட சாட்சியத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எதுவும் நடக்காமலிருக்க யாரோ தினமும் போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் அந்த எண்களில் இருப்பது. காலி செய்கிறவர்களுக்கு அது பழைய பேப்பர்.

கட்டடத்துக்குக் கீழே கேபிள் அறை. ஊரின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் குழாய்கள் அங்கே சுவரில் வாய் திறக்கின்றன. 0.5 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு ஜோடி ஒரு கிலோமீட்டர் ஓடினால் அதில் சுமார் மூன்றரைக் கிலோ செம்பு இருக்கும். பல நூறு ஜோடிகள் பல கிலோமீட்டர் ஓடுகின்றன என்று கணக்குப் போட்டால், தெருக்களுக்கு அடியில் கிடக்கும் உலோகம் பல டன். தோண்டும் செலவை நினைத்து அதில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய கேபிள்களில் செம்பைச் சுற்றியிருந்தது காகிதம்தான். மேலே ஈய உறை. ஈயத்தில் ஊசித் துளை விழுந்தாலும் ஈரம் நுழைந்து நூற்றுக்கணக்கான வீடுகள் கரகரக்கும். ஆகவே உலர்ந்த காற்றை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திக்கொண்டே இருந்தார்கள். துளை விழுந்தால் காற்று வெளியே வரும், தண்ணீர் உள்ளே போகாது. ஜெல்லி நிரப்பிய கேபிள்கள் வந்த பிறகு காற்றைச் செலுத்திய கம்ப்ரசர்கள் ஓய்ந்தன.

இந்தக் கேபிள்களை இணைத்த ஜாயின்டர்களைப் பற்றி எழுத்தில் எதுவுமே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சாலையோரக் குழிக்குள் தார்ப்பாய்க் கூரையின் கீழ் உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக முறுக்கி, ஒவ்வொன்றுக்கும் காகிதக் குழல் மாட்டி, கடைசியில் ஈய உறையை உருகிய பற்றாசோடு துணிப்பட்டையால் வழித்து மூடுவார்கள். அந்தச் சூட்டில் கை நடுங்கினால் மூட்டு கசியும். மழையில் ஒரு கேபிள் அறுந்தால் இரவெல்லாம் குழியில்தான். மறுநாள் காலை ஊர் தன் போக்கில் பேசிக்கொண்டிருக்கும். குழியில் யார் இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேபிள் அறையில் சுவரோரம் வெட்டி எடுக்கும்போது அவர்கள் போட்ட மூட்டுகள் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்றையாவது உறை பிரிக்காமல் எடுத்து வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காகிதம். பழுதைத் தெரிவிக்கும் எண்ணான 198க்குப் புகார் வந்தால் டெஸ்ட் டெஸ்கில் அந்த எண்ணின் அட்டையை எடுப்பார்கள். எந்தக் கேபிள், எந்த ஜோடி, எந்த பில்லர் (தெருவோர இணைப்புப் பெட்டி), எந்த டி.பி. (வீடுகளுக்குக் கம்பி பிரியும் பெட்டி) என்பது அதில் இருக்கும். புகார் வந்த நாள், என்ன பழுது, எப்போது சரியானது என்பதும் வரிசையாக இருக்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரிகள் நெருங்கி விழும். மாசி பங்குனியில் இடைவெளி விடும். சாலை அகலப்படுத்திய ஆண்டு அட்டையில் தெரியும், புயல் வந்த ஆண்டு தெரியும். ஆயிரம் அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் ஊரின் அரை நூற்றாண்டு தெரியும்.

கணினி வந்தபோது பல இடங்களில் இந்த அட்டைகள் ஏற்கெனவே மூலைக்குப் போய்விட்டன. வெளியூர் அழைப்புகளை ஆபரேட்டர்கள் கையால் இணைத்த டிரங்க் போர்டுகளும் அப்படித்தான் போயின. 1960இல் கான்பூர், லக்னோ இடையே வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. தொடங்கியதிலிருந்து படிப்படியாக ஆபரேட்டர்களின் தேவை குறைந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று தரம் பிரித்துச் செய்திகளைக் கடத்திய பெண்கள் எத்தனை மரணங்களையும் பிறப்புகளையும் உரியவருக்கு முன்பே கேட்டிருப்பார்கள்! அந்த மேசைகள் போனபோது யாரும் அவர்களிடம் எதையும் கேட்டுப் பதியவில்லை. ஒரு தலைமுறையின் கருவிகளை ஏற்கெனவே வாசிக்காமல் விற்றுவிட்டோம். இரண்டாவது முறையும் அதையே செய்யத் தேவையில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆவணங்களை மதிப்பிடாமல் அழிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பழுது அட்டையை ஆவணமாக யாரும் நினைப்பதில்லை என்பதுதான் சிக்கல். சந்தாதாரர்களின் பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துத்தான் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும், அதில் சமரசம் கூடாது. தடங்களையும் தேதிகளையும் பழுதுகளையும் வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கு ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்பினால் மாணவர்கள் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். எம்.டி.எஃப்.இல் ஒரே ஒரு செங்குத்து வரிசையை ஜம்பர்களோடு அறுத்து எடுக்க, குத்தகைக்காரருக்கு அரை நாள் வேலை. இழக்கும் செம்பு சில கிலோ.

எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், ஆள் இருக்கிறார்கள். விருப்ப ஓய்வுத் திட்டம் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கானது. அதில் வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். பலர் வேலை பார்த்த ஊரிலேயே குடியிருக்கிறார்கள். பில்லர் எந்தத் திருப்பத்தில் இருந்தது, எந்தக் கேபிள் எந்த வாய்க்காலைக் கடந்தது என்று அவர்களுக்கு வரைபடம் பார்க்காமலே தெரியும். ஏலத் தேதி குறித்ததும் முதலில் அவர்களுக்குத்தான் தகவல் போக வேண்டும். லாரி வருவதற்கு முந்தின வாரம் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்து, இது என்ன, இதை யார் போட்டது, ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று வரிசை வரிசையாகக் கேட்டு எழுத வேண்டும்.